கழிப்பு என்று எழுதிய டிரம்

மாதுங்காவில் எங்கள் கட்டடத்துக்குச் சற்றுத் தள்ளி ரயில் பாதை. பாதையைத் தாண்டினால் தாராவி. நடுவே பாலத்தடியில் ஒரு குப்பைமேடு வளர்ந்துகொண்டே இருந்தது. அது எந்த வார்டைச் சேர்ந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. இந்த வார்டு ஆபீசுக்குப் போனால் அந்த வார்டில் கேள் என்பார்கள். அங்கே போனால் இங்கே கை காட்டுவார்கள். கல்லூரி விட்டதும் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு ஆபீசுக்கும் நான் ஏறி இறங்கியிருக்கிறேன். எனக்கு ரசாயனம் பாடம். எது மக்கும், எது மக்காது என்று யாராவது கேட்டுவிட்டால் அவர்கள் தப்பித்து ஓடும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். பேய் பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் கிடையாது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆபீஸ்காரர்கள் சேரவில்லை என்றால் நாமாவது சேர்வோம் என்று மூன்று தமிழ்ச் சங்கங்கள் கூடின. எங்கள் மாதுங்காக் கட்டடங்களின் சங்கம் ஒன்று. செம்பூர்க் காலனிச் சங்கம் ஒன்று. தாராவியில் சால் எனப்படும் ஒண்டுக்குடித்தன வரிசை வீடுகளில் இருந்த எங்கள் பக்கத்து ஜனங்களின் சங்கம் ஒன்று. எங்கள் பக்கம் என்றால் திருநெல்வேலி. என் அம்மாவும் அந்த ஜில்லாக்காரிதான். கூட்டுக் குழுவுக்கு ஒரு செயலாளர் வேண்டியிருந்தது. ஆபீஸ் முடிந்து வந்து குப்பையைப் பற்றிப் பேச எந்த ஆண்பிள்ளைக்கும் நேரமில்லை. நான் கையைத் தூக்கினேன்.

முதல் கூட்டம் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் நடந்தது. செம்பூர்க்காரர்கள்தான் கோபமாக வந்திருந்தார்கள்.

“நீங்க மாதுங்காவில கொட்டறேள், அவங்க தாராவியில கொட்டறாங்க. எல்லாம் சேர்ந்து கடைசியில எங்க ஊருக்குப் பக்கத்துலதான் எரியுது. எங்க வீட்டுச் சட்டினியில கூடப் புகை வாசனை” என்றார் செம்பூர்ச் சங்கத் தலைவர். அவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர்.

தாராவிச் சங்கத்திலிருந்து வந்தவர் மில் தொழிலாளி. டீயை ஊதிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நீங்க வேண்டாம்னு எறியுத காயிதம், தகரம், துணி, சீசா எல்லாம் எங்க ஆளுகளுக்கு வேலை. எச்சி எலையோட சேத்துப் போட்டா நாங்க என்னத்தப் பொறுக்க? தனியாப் போடுங்க. வண்டி நாங்க அனுப்புதோம்.”

இவ்வளவுதான் விஷயம். ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய கூட்டம். ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் இரண்டு தகர டிரம். ஒன்றில் ஈரக் குப்பை. அது முனிசிபாலிட்டி லாரிக்கு. இன்னொன்றில் காய்ந்தது, அது தாராவிக் கைவண்டிக்கு. ஆனால் டிரம்மின் மேல் என்ன எழுதுவது என்பதில் வந்து மாட்டிக்கொண்டோம். ஹிந்தியில் குப்பைக்குச் சொல்கிற ‘கச்சரா’வையே போடலாம் என்றேன். ஊரே அப்படித்தானே சொல்கிறது. தமிழாசிரியர் காதைப் பொத்திக்கொண்டார். இரண்டிலும் ‘குப்பை’ என்று எழுதினால் எல்லாவற்றையும் கலந்து கொட்டிவிடுவார்கள். ‘கழிவு’ என்று ஒருவர் சொன்னதற்கு, “கழிவு கடைக்காரன் கொடுக்கறது, ஐயா. அதுவுமில்லாம வேற அசிங்கமும் தொனிக்குது” என்றார் ஆசிரியர். கடைசியில் அவரே முகம் மலர்ந்து, “முதல் டிரம்முக்குக் குப்பை. ரெண்டாவதுக்குக் கழிப்பு. கழித்துக் கொடுப்பதால் கழிப்பு. எப்படி?” என்றார்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கம். அந்தச் சொல் அவருக்கு வெறும் இலக்கணம். தாராவிக்காரர் இருந்திருந்தால் துள்ளி எழுந்திருப்பார். ஆனால் அவருக்கு ஷிப்ட் இருந்தது, டீ முடிந்ததுமே கிளம்பிப் போய்விட்டார். எனக்கோ பம்பாயில் பிறந்த தமிழ். டிரம்களில் வெள்ளைப் பெயின்டால் பெரிதாக எழுதப்பட்டது: கழிப்பு.

சில வாரங்கள் எல்லாம் ஜோராக நடந்தது. கைவண்டி வந்தது, போனது. செம்பூர்ச் சரக்கு ஒரு லாரியில் வந்து சேர்ந்துகொண்டது. எங்கள் டிரம்களை அப்படியே ஏற்றிப் போய், தாராவிச் சாலின் முற்றத்தில் கவிழ்த்துப் பிரித்துவிட்டு, காலி டிரம்மைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். நான் வாரத்துக்கொரு தரம் அங்கே போய் நிற்பேன். பிரிக்கிற பெண்களுக்கு நான் ஒரு வேடிக்கை. “வாத்தியாரம்மா வந்தாச்சு, குப்பை ஒழுங்கா உக்காரு” என்று பழைய காகிதத்தை மிரட்டுவார்கள்.

அவர்களில் காகிதப் பை ஒட்டுகிற ஒருத்தி எனக்கு நெருக்கமானாள். அக்கா என்று கூப்பிடுவேன். அவளுடைய புருஷன்தான் கைவண்டி இழுத்தது. அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் பிறந்தவை எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. அதை அவளே, யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல, பசையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

ஒரு நாள் போனபோது அவள் சந்தோஷமாக எனக்கு ஒன்றைக் காட்டினாள். டிரம்மிலிருந்து வந்த பழைய நூல் புடவைத் துண்டு, மாம்பழ நிறம், துவைத்துத் துவைத்துத் தோல்போல மெத்தென்று ஆனது. ஒரு முனையில் சின்ன முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் சுட்ட வசம்பு, இரண்டு கருமணி.

“புள்ளத் துணிதான் இது. எங்கையில வந்து விழுந்திருக்கு பாத்தியா? நல்ல சகுனம்” என்றாள். பாதியைக் கிழித்துச் சதுரம் சதுரமாக மடித்து வைத்திருந்தாள், பிறக்கப்போகிற பிள்ளைக்கு.

அடுத்த முறை போனபோது முற்றத்தில் யாரும் வேலை செய்யவில்லை. டிரம்கள் கவிழ்க்கப்படாமல் நின்றன. பெண்கள் அவற்றிலிருந்து தள்ளிச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ரத்தி என்கிற பழைய காகிதம் வாங்குகிற கடைக்காரர் நடுவில் சங்கடத்தோடு நின்றார். காயல் பக்கத்து மனிதர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தச் சாலில் தமிழை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

“நேத்துதான் டிரம் பக்கமே வந்தேன், சும்மா வாசிச்சேம்மா. எழுதியிருக்கறதை வாசிக்கறது ஒரு குத்தமா? ‘யாரு புள்ள இதுல கழிப்புன்னு எழுதி வச்சது’ன்னு கேட்டேன். அவ்வளவுதான், கையில இருந்ததை எல்லாம் கீழே போட்டுட்டாளுவ.”

“கழிப்புன்னா என்ன?” என்றேன்.

ஒரு பெண் சிரிக்காமல் சொன்னாள்: “வாத்தியாரம்மாவுக்குத் தெரியலையாம். எழுத மட்டும் தெரியுமாம்.”

இன்னொருத்திதான் விளக்கினாள். சீக்கோ, பேயோ, சாவோ பிடித்த வீட்டில் அதை ஒரு சாமானில் இறக்கி, சுற்றி, முச்சந்தியில் கொண்டு போட்டுவிடுவார்கள். அதுதான் கழிப்பு. தாண்டக் கூடாது, தொடக் கூடாது. தொட்டவர்களோடு அது போய்விடும். இத்தனை வாரமும் இரண்டு ஊர்க் கழிப்பைக் கையால் அளைந்திருக்கிறார்கள்.

அது வெறும் பெயர், வாத்தியார் வைத்த பெயர், உள்ளே இருப்பது வெறும் காகிதம் என்று நான் படபடவென்று பேசினேன். கேட்டார்கள். நம்புகிறமாதிரிகூட இருந்தது. ஆனால் அக்கா எழுந்து உள்ளே போய், அந்தத் துணியைக் குச்சியால் தூக்கிக்கொண்டு வந்தாள். விரலால் தொடவில்லை.

“காயிதம் சரி. இது?”

துணி குச்சி நுனியில் எங்கள் நடுவே தொங்கியது.

“நேத்துல இருந்து புள்ள அசைய மாட்டேங்கு” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இது எந்த வீட்டுத் துணின்னு பாரு. இதுல கெடந்த புள்ள இருக்கா, இல்லையா? அது ஒண்ண மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லு. இருக்குன்னா நான் பெத்துக்கிடுவேன்.”

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். போனோம், நானும் அவள் புருஷனும் அவளும். டாக்டரம்மா குழலை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு இருக்கிறது, பயம் வேண்டாம் என்றார். அக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், “துணி யாருதுன்னு எப்ப கேப்பே?” என்றாள்.

முடிச்சோடு கூடிய துண்டை ஒரு செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மறுநாள் முதல் வீடு வீடாக ஏறினேன். என் கணக்கு எளிது: கதவைத் தட்டு, துணியைக் காட்டு, ஆமா அல்லது இல்லை, அடுத்த வீடு.

அப்படி நடக்கவில்லை. யாரும் ‘இல்லை’ என்பதை உடனே சொல்லவில்லை.

எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடியில், என்னேரமும் வம்பு பேசிச் சிரிக்கிற மாமி ஒருவர் இருந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் அவர் சிரிப்பு நின்றது. துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார். “எங்களது நீலம்” என்றார். கதவை மெதுவாகச் சாத்தினார். எதிர்வீட்டில் ஒருத்தர் முடிச்சை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு, “இன்னும் வாசனை போகலையே” என்றார். ஒரு வீட்டில் மாமாதான் கதவைத் திறந்தார். பார்த்துவிட்டு, “மாமி கண்ணுல காட்டாதே, போ” என்றார்.

செம்பூருக்குப் போன அன்று குப்பைமேட்டின் புகை காலனிக்குள் இறங்கி நின்றிருந்தது. பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். தமிழாசிரியர் வீட்டில் நான் அவருடைய சொல்லின் தெற்கத்திப் பொருளைச் சொன்னபோது அவர் சுவாரசியமாக, “அப்படியா, அப்படியா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து துணியைப் பார்த்தார். திரும்பிப் போய் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்தார். “இது இல்ல. நாங்க அதைக் கூடவே வெச்சு அனுப்பிட்டோம்” என்றார். ஆசிரியர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

இத்தனை வருஷம் ஏறி இறங்கிய மாடிப்படிகள். எந்த வீட்டில் யார், எத்தனை பேர் என்பது எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் அதெல்லாம் தப்பாகப் போயிற்று. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் நான் கணக்கில் சேர்க்காத யாரோ இருந்தார்கள். மிகச் சின்னவர்கள். படியில் இறங்கும்போது ஒதுங்கி நடந்தேன், யாருக்கோ வழிவிடுகிறமாதிரி. ஏன் அப்படி நடந்தேன் என்று கேட்டால் ரசாயனத்தில் பதில் இல்லை.

எங்கள் வீட்டில் மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நான் ஒரே பெண்.

அன்று மாலை பொட்டலத்தை மேஜைமேல் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா துணியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கிழிந்த விளிம்பை ஒட்டவைத்துப் பார்க்கிறவள்போல இரண்டு பக்கமும் பிடித்திருந்தாள்.

“மீதி எங்கேடி?” என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்” என்றாள் அம்மா. “தொட்டில்ல போடறதுக்குள்ள போயிட்டான். பேர்கூட வெக்கலை.”

“ஏம்மா சொல்லவே இல்லை?”

“பேரில்லாதவனை எப்படிடீ சொல்றது?”

பெட்டியின் அடியில் இத்தனை வருஷமும் அந்தத் துணியை வைத்திருந்திருக்கிறாள். பின் ஏன் டிரம்மில் போட்டாய் என்று கேட்டேன்.

“வாசல்ல எழுதி வெச்சிருந்தியே, கழிப்புன்னு. எங்க ஊர்ப் பக்கம் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? தினம் படியிறங்கறச்சே என்னைப் பார்த்து எழுதின மாதிரியே இருந்தது. சரி, இப்பவாவது கழிச்சுடலாம், அவனும் போகட்டும்னு போட்டேன். போய்ட்டான்னு நெனச்சேன்.” துணியைப் பார்த்தாள். “பொட்டலம் கட்டி நீயே அழைச்சுண்டு வந்துட்டே.”

ஆக, தாராவியில் அந்தப் பெண்கள் பயந்தது சரிதான். இரண்டு ஊர் டிரம்களிலும் கிடந்த அத்தனை பழைய காகிதத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒன்றே ஒன்று நிஜமான கழிப்பு. அது எங்கள் வீட்டுக் கழிப்பு. அதில் கிடந்த பிள்ளை இல்லை.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? பொய் சொல்லிவிடுகிறேன் என்றேன். யாரோ ஒரு குழந்தை, நன்றாக இருக்கிறது, ஸ்கூல் போகிறது என்று. அம்மா தலையசைத்தாள். “நீ சொன்னா நம்பமாட்டா. நான் வரேன்.”

அம்மா பாலத்தைத் தாண்டியதே இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்தபடி வந்தாள். முற்றத்தில் பெண்கள் எழுந்து நின்றார்கள். பாய் ஒரு மரப்பெட்டியைத் தட்டிப் போட்டு, “உக்காருங்கம்மா, இது சோப்புப் பெட்டி, கழிப்பு இல்ல” என்றார். யாரும் சிரிக்கவில்லை. பாவம், அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். நேராகக் கேட்டாள்: “துணி ஒங்களுதா?”

“என்னுதுதான்.”

“அதுல கெடந்த புள்ள இருக்கா?”

அம்மா என் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினாள். “இதோ நிக்கறா.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். நான் அசையாமல் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றுதான்.

“பொறந்ததும் இந்தத் துணியிலதான் சுத்தினேன்” என்றாள் அம்மா. “சுத்தி, கட்டடத்துக்குக் கீழே குப்பையில போட்டேன். பெருக்க வரவதான் தூக்கினா. ‘கிஸ்கா பச்சா’, யாரு கொழந்தைன்னு கேட்டா. எனக்கு அப்போ ஹிந்தியில ஒரு வார்த்தைகூட வராது. இந்த ஒண்ணை மட்டும் பக்கத்தாத்துல கேட்டுப் பாடம் பண்ணி வெச்சிருந்தேன். ‘மேரா’, என்னுதுன்னேன். ஒரு பிடி தவிட்டைக் குடுத்து வாங்கிண்டேன்.”

முற்றத்தில் ஒரு சின்னச் சலசலப்பு. அந்த வழக்கம் அவர்களுக்குத் தெரியும். குப்பையில் போட்டு எடுத்த பிள்ளையைச் சாவு திரும்பிப் பார்க்காது, குப்பைதானே என்று போய்விடும். எனக்குத்தான் தெரியாது. ஊர்க் குப்பையைத் திருத்தக் கிளம்பியவளைக் குப்பையிலிருந்துதான் எடுத்தார்கள் என்பதை அத்தனை பேர் முன்னால் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அக்கா கெட்டிக்காரி. சும்மா பிறந்த பிள்ளையை யாரும் குப்பையில் போடுவதில்லை.

“அப்ப, இவளுக்கு மூத்தது?” என்றாள்.

அம்மா என் முதுகிலிருந்து கையை எடுத்தாள். “தங்கல” என்றாள்.

“அதுக்கும் இதே துணியா?”

“இதே துணி. வேண்டாம்னு எல்லாரும் சொன்னா. அவன் கட்டி முடிக்கலையே, இவ கட்டட்டும்னேன்.”

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். கடைசியாகக் கேட்டாள்: “கழிச்சா போட்டீய?”

அம்மா அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “இல்லடிம்மா. பழசாச்சு, போட்டேன்.”

அக்கா நடந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெறித்தாள். விரல்கள் எல்லாம் சொடக்கிட்டன. பிறகு உள்ளே போய்ச் சதுரத் துணிகளை எடுத்துவந்து, இந்த முறை கையாலேயே, வாளித் தண்ணீரில் போட்டாள்.

டிரம்களில் ‘கழிப்பு’ சுரண்டப்பட்டது. அடுத்த கூட்டத்தில் தமிழாசிரியரே, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “கச்சரான்னே போட்டுடுங்க” என்றார். வண்டி மறுபடி ஓடத் தொடங்கியது.

ஐப்பசியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. குப்பையிலிருந்து எடுக்க நான்தான் வரவேண்டும் என்று ஆள் அனுப்பினாள். அம்மாவும் வருகிறேன் என்றாள்; நான் கேட்காமலே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். முற்றத்தில் பிரித்துக் குவித்த காகிதத்தின் மேல் முறத்தை வைத்து அதில் குழந்தையைப் போட்டிருந்தார்கள், மாம்பழ நிறத் துணியில். காலைவெயில். பெண்கள் வட்டமாக நின்றார்கள், அம்மா எனக்குப் பின்னால் நின்றாள். பாய் தன் கடை வாசலிலேயே நின்று கழுத்தை எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் குனிந்து எடுத்தேன். எடையே இல்லை. துணி மட்டும் கனமாக இருந்ததுபோல் பட்டது. துவைத்த துணிக்கு ஏது கனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உரக்கக் கேட்டேன்:

“குப்பையில ஒரு பிள்ளை கிடந்தது. இது யாருக்கு வேணும்?”

“எனக்கு” என்று குரல் வந்தது. கைகளும் நீண்டன.

அது என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். அக்கா எதிரே நின்றிருந்தாள். அவள் அப்போதுதான் வாயைத் திறந்துகொண்டிருந்தாள். யாரும் அசையவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. நீண்டிருந்த கைகள் என் தோளை உரசிக்கொண்டு மெல்லப் பின்னுக்குப் போயின.

“எனக்கு” என்றாள் அக்கா. குழந்தையை அவளிடம் கொடுத்தேன்.